உலகம் சுற்றிய குதிரைப் பந்தாட்டம்

நுழையும்முன்

விளையாட்டுகளும் சொற்களைப் போலவே நாடுவிட்டு நாடு செல்கின்றன. செல்லும் இடந்தோறும் உருமாறுகின்றன. சில வேளைகளில் புறப்பட்ட இடத்தின் அடையாளத்தையே இழந்துவிடுகின்றன. இன்று இலண்டன், நியூயார்க், புவனஸ் அயர்ஸ் ஆகிய நகரங்களோடு இணைத்துப் பேசப்படும் போலோ, தன் இன்றைய வடிவத்தை நோக்கிப் புறப்பட்டது இந்தியாவின் வடகிழக்கிலுள்ள ஒரு பள்ளத்தாக்கிலிருந்துதான். அந்தப் பயணத்தையும், அதில் குதிரைகள் பெற்ற இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

களமும் விதியும்

குதிரைமீது அமர்ந்து, நீண்ட மட்டையால் பந்தை அடித்து, எதிரணியின் இலக்குக் கம்பங்களுக்கிடையே செலுத்தும் ஆட்டமே போலோ. ஓர் அணிக்கு நால்வர். களத்தின் நீளம் 300 கெஜம். இரு ஓரங்களிலும் பலகைத் தடுப்பு வைத்திருந்தால் அகலம் 160 கெஜம். பரப்பளவில் இது ஏறத்தாழ பத்து ஏக்கர். இலக்குக் கம்பங்களுக்கிடையே உள்ள தொலைவு 8 கெஜம். ஏழு நிமிடங்கள் நீளும் ஒவ்வோர் ஆட்டச் சுற்றும் ‘சக்கர்’ எனப்படுகிறது. வட்டம் எனப் பொருள்படும் இந்த இந்தியச் சொல்லைத்தான், சற்றே திரித்து, உலகெங்கும் போலோ வீரர்கள் வழங்குகின்றனர்.

நாலுகால் பாய்ச்சலில் எட்டுக் குதிரைகள் ஒரே பந்தை நோக்கி விரையும்போது, விதி என்பது ஆட்டத்தின் ஒழுங்குக்காக மட்டும் அமைவதில்லை, உயிர்க்காப்புக்காகவும் அமைகிறது. அடிக்கப்பட்ட பந்து செல்லும் பாதையை ஒரு கோடாகக் கருதவேண்டும். அக்கோட்டையொட்டிப் பந்தைப் பின்தொடரும் வீரருக்கே வழியுரிமை உண்டு. பிறர் அதனைக் குறுக்கிடுதல் குற்றம். மட்டையை வலக்கையில்தான் பிடிக்கவேண்டும் என்பதும் இதே காரணத்தால் எழுந்த விதியாகும். எதிரெதிரே வரும் இருவரில் ஒருவர் இடக்கையால் ஆடினால் இருவரும் ஒரே பக்கத்தில் மோதிக்கொள்ள நேரும்.

ஏழு நிமிட ஓட்டம் ஒரு குதிரையைக் களைப்படையச் செய்யப் போதுமானது. ஆதலால், சுற்று முடிந்ததும் வீரர் வேறு குதிரைக்கு மாறுகிறார். ஆறு சுற்றுகள் கொண்ட உயர்நிலை ஆட்டத்திற்கு ஒரு வீரர் ஆறு குதிரைகளைக் கொண்டுவருகிறார் எனக் கொண்டால், எட்டு வீரர்க்கு நாற்பத்தெட்டுக் குதிரைகள் வேண்டும். ஒரே குதிரையை இடைவெளி விட்டு மீண்டும் களமிறக்குவோரும் உண்டு. எப்படியாயினும், இவ்விளையாட்டின் வரலாறு வீரர்களின் வரலாறாக இருக்கும் அளவிற்குக் குதிரைகளின் வரலாறாகவும் இருக்கிறது. குதிரை எங்குக் கிடைத்ததோ, எவரால் அதனைப் பேண முடிந்ததோ, அங்கே ஆட்டத்தின் தலைமையும் சென்று தங்கியது.

மன்னர்களின் சௌகான்

குதிரைமீதமர்ந்து பந்தடிக்கும் ஆட்டங்கள் நடு ஆசியாவிலும் பாரசீகத்திலும் மிகப் பழங்காலத்திலிருந்தே வழங்கின. பாரசீகத்தில் இதற்குச் ‘சௌகான்’ என்று பெயர். பிர்தௌசியின் ‘ஷாநாமா’ காப்பியத்தில் வீரர்கள் சௌகான் ஆடும் காட்சி இடம்பெறுகிறது. நிஜாமியின் காவியத்தில் அரசி ஷிரீன் தன் தோழியருடன் சேர்ந்து அரசன் குஸ்ரோவின் அணியை எதிர்த்து ஆடுகிறாள். ஈரானின் இஸ்பகான் நகரில் ஷா அப்பாஸ் அமைத்த நக்ஷ்-இ-ஜஹான் சதுக்கத்தின் இரு முனைகளிலும் கல்லாலான இலக்குத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. சீனத்திலும் இவ்வாட்டம் பரவியிருந்தது. சியான் நகருக்கருகே, தாங் மரபைச் சேர்ந்த இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரில், குதிரைமீது பந்தாடும் வீரர்கள் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்டுள்ளனர். பந்தாடும் பெண்களைச் சுடுமண் உருவங்களாக வடித்ததும் அதே காலத்துச் சீனர்களே.

இந்திய வரலாற்றில் சௌகான் ஒரு மரணத்தோடு அறிமுகமாகிறது. தில்லி சுல்தான் குத்புதீன் ஐபக் 1210ஆம் ஆண்டு லாகூரில் சௌகான் ஆடுகையில் குதிரையோடு வீழ்ந்து, சேணத்தின் முன்கொம்பு உடலில் பாய்ந்து இறந்தார். முகலாயப் பேரரசர் அக்பர் இவ்வாட்டத்தில் பேரார்வம் கொண்டிருந்தார். அவர் இரவிலும் ஆடியதாக அபுல் பசல் ‘அயினி அக்பரி’யில் குறித்துள்ளார். இருளில் பந்து தெரியவேண்டுமே! அதற்காகப் புரசமரத்தாலான பந்துகளுக்குத் தீமூட்டினர். அம்மரம் எடை குறைந்தது, நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். சென்னையின் புரசைவாக்கத்திற்குப் பெயர் தந்த புரசும் இதுவேயாகும். மட்டைகளின் உச்சியில் பொன்னாலும் வெள்ளியாலும் குமிழ்களைப் பொருத்தினர். ஆட்டத்தில் மட்டை முறிந்தால், அத்துண்டைக் கைப்பற்றியவருக்கே அது உரியதாயிற்று.

அரசவையைச் சார்ந்து வளர்ந்த சௌகான், முகலாயப் பேரரசு தளர்ந்தபோது வடஇந்தியச் சமவெளியில் தானும் தளர்ந்தது. அது அரசவையைச் சாராமல் ஊர்மக்களின் ஆட்டமாக எங்கெல்லாம் வாழ்ந்ததோ, அங்கெல்லாம் நிலைத்தது. இமயத்தின் மேற்குப் பகுதியில் கில்கித், சித்ரால், பால்டிஸ்தான், லடாக் ஆகிய இடங்கள் அத்தகையன. பால்டி மொழியில் பந்தைக் குறிக்கும் ‘புலு’ என்னும் சொல்லே ‘போலோ’ ஆயிற்று. கில்கித் அணியும் சித்ரால் அணியும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்திலுள்ள சந்தூர் கணவாயில் இன்றும் மோதுகின்றன. உலக விதிகள் அங்கு எட்டிப் பார்ப்பதில்லை என்றே கூறலாம்.

ஆட்டத்தின் பெயர் மேற்கு இமயத்திலிருந்து வந்தது. ஆட்டமோ கிழக்கிலிருந்து வந்தது.

மணிப்பூரின் சகோல் காங்ஜெய்

மணிப்பூரின் மெய்தெய் மக்கள் மட்டையால் பந்தடிக்கும் ஆட்டத்தைக் ‘காங்ஜெய்’ என்பர். தரையில் நின்று ஆடினால் அது கோங் காங்ஜெய்; குதிரைமீது ஆடினால் சகோல் காங்ஜெய். ‘சகோல்’ என்பது குதிரை. மணிப்பூர் அரசர்களின் வரலாற்றுக் குறிப்பேடான ‘செய்தாரோல் கும்பாபா’, கி.பி. 33இல் அரியணை ஏறியதாகக் கூறப்படும் பாகங்பா அரசரிடமிருந்து தொடங்குகிறது. இவ்வாட்டத்தையும் அவர் காலத்தோடு தொடர்புபடுத்திக் கூறுவது மணிப்பூர் மரபு. அத்தொல்காலத்து ஆண்டுக்கணக்கைத் தொன்மமாகக் கொள்வதே பொருத்தம். எனினும், மார்ஜிங் என்னும் தெய்வத்தைக் குதிரைக்கும் இவ்வாட்டத்துக்கும் உரியவராக மெய்தெய் மக்கள் வழிபட்டுவருவது, ஆட்டம் அவர்களது வாழ்வில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதைக் காட்டும். 17ஆம் நூற்றாண்டில் ஆண்ட காகெம்பா அரசர் ஆட்டத்தின் நெறிமுறைகளைச் சீர்செய்ததாகவும் கூறுவர்.

சகோல் காங்ஜெய்யில் அணிக்கு எழுவர். இலக்குக் கம்பங்கள் இல்லை. களத்தின் எல்லைக்கோட்டைப் பந்து கடந்தாலே கோல். பந்து மூங்கில் வேரால் ஆனது. மட்டை பிரம்பால் ஆனது. குதிரையின் நெற்றியிலும் சேணத்தின் பக்கங்களிலும் பஞ்சுக் குஞ்சங்கள் தொங்கும். அவை அழகுக்காக மட்டும் அமைந்தவையல்ல. மட்டையடியிலிருந்து குதிரையின் கண்களையும் விலாவையும் காப்பவை.

இந்த ஆட்டத்தைத் தாங்கியது மணிப்பூரின் மட்டக்குதிரை. குதிரையின் உயரத்தைக் ‘கை’ என்னும் அளவால் குறிப்பது வழக்கம்; ஒரு கை என்பது நான்கு அங்குலம். மணிப்பூர்க் குதிரையின் உயரம் 11 முதல் 13 கை வரை, அதாவது ஏறத்தாழ 112 முதல் 132 செ.மீ. வரை. வளர்ந்த மனிதர் ஒருவரின் மார்பளவே நிற்கும் இக்குதிரை, நின்ற இடத்திலேயே திரும்பவும், சேற்றிலும் மேட்டிலும் சளைக்காமல் ஓடவும் வல்லது. 18ஆம் நூற்றாண்டில் கரீப் நிவாஸ் அரசரின் குதிரைப்படை பர்மாவிற்குள் ஊடுருவித் தாக்கியது. ஓடும் குதிரையிலிருந்து ‘அரம்பை’ என்னும் எறியம்புகளைப் பின்னோக்கி வீசும் அப்படையினருக்குப் போலோக் களமே பயிற்சிக் களமாகவும் இருந்தது. ஆயினும் அது படைவீரர்க்கும் அரசர்க்கும் மட்டும் உரியதாக இருக்கவில்லை. குதிரை வைத்திருந்த எளிய உழவரும் ஆடினர். பிற்காலத்தில் போலோ ‘மன்னர்களின் விளையாட்டு’ என்று பெயர் பெற்றதை எண்ணும்போது, இச்செய்தி கருதத்தக்கது.

சில்சாரிலிருந்து இலண்டனுக்கு

1819 முதல் 1826 வரை மணிப்பூர் பர்மியப் படையின் பிடியில் அழிவுற்றது. ‘ஏழாண்டுப் பேரழிவு’ என மணிப்பூர் மக்கள் நினைவுகூரும் அக்காலத்தில் பல்லாயிரவர் அண்டையிலிருந்த கச்சார் பகுதிக்கு இடம்பெயர்ந்தனர். அவர்கள் கொண்டுசென்றவற்றுள் சகோல் காங்ஜெய்யும் ஒன்று. கால் நூற்றாண்டிற்குப்பின் அங்குத் தேயிலைத் தோட்டங்களை அமைக்கவந்த ஆங்கிலேயர், வயல்வெளிகளில் மணிப்பூரியர் ஆடிய இவ்வாட்டத்தைக் கண்டு வியந்தனர். அவர்களுள் இருவர் கேப்டன் இராபர்ட் ஸ்டூவர்ட், லெப்டினன்ட் ஜோசப் ஷெரர் ஆகியோர். இருவரும் 1859ஆம் ஆண்டு, தோட்டக்காரர் சிலரோடு சேர்ந்து சில்சாரில் போலோச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். 1862இல் கல்கத்தா போலோச் சங்கம் உருவானது. உலகில் இன்றும் இயங்கிவரும் போலோச் சங்கங்களுள் இதுவே மிகப் பழமையானது. ஷெரரை ‘நவீன போலோவின் தந்தை’ என ஆங்கிலேயர் போற்றினர். அவருக்கு ஆட்டத்தைக் கற்பித்த மணிப்பூரியர் ஒருவரின் பெயரும் அப்போற்றுதலில் இடம்பெறவில்லை.

கல்கத்தாவிலிருந்து படைப்பிரிவுகள் வழியே ஆட்டம் விரைந்து பரவியது. 1869இல் இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட் முகாமில், இந்தியாவின் போலோவைப் பற்றி இதழொன்றில் படித்த 10ஆம் ஹுசார் படைப்பிரிவின் அதிகாரிகள் கிடைத்த குதிரைகளில் ஏறி ஆடிப் பார்த்தனர். அவர்கள் அதற்கு இட்ட பெயர் ‘குதிரைமீது ஹாக்கி’. 1871இல் இலண்டனையடுத்த ஹவுன்ஸ்லோவில் அப்படைப்பிரிவினர் 9ஆம் லான்சர் படைப்பிரிவினரோடு மோதினர். அணிக்கு எண்மர் ஆடிய அந்த ஆட்டத்தில் விதிகள் என்று சொல்லத்தக்கவை மிகச் சிலவே.

விதிகளை வகுத்தது இலண்டனின் ஹர்லிங்காம் சங்கம். 1875இல் அது வெளியிட்ட விதிகள், பிரித்தானியப் பேரரசு பரவிய இடமெங்கும் ஏற்கப்பட்டன. எண்மர் ஐவராகி, 1880களில் நால்வராயினர். எண்ணிக்கை குறைந்ததால் ஆட்டத்தின் விரைவு கூடியது. கூட்டமாக மொய்த்துப் பந்தைத் தள்ளும் முறை மறைந்து, நெடுந்தொலைவு அடித்துத் தோழருக்குக் கடத்தும் முறை வளர்ந்தது. நான்கு வீரர்க்கும் தனித்தனிப் பொறுப்பு வரையறுக்கப்பட்டது: முதலாமவர் தாக்குதலுக்கும் நான்காமவர் காப்பிற்கும் உரியவர்.

தெரிந்து தெளிவோம்

தொடைப் பகுதியில் அகன்றும் முழங்காலுக்குக் கீழே இறுக்கமாகவும் அமைந்த குதிரையேற்றக் காற்சட்டைக்கு ஆங்கிலத்தில் ‘ஜோத்பூர்’ என்றே பெயர். ஜோத்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த சர் பிரதாப் சிங், 1897இல் விக்டோரியா அரசியாரின் வைரவிழாவிற்காகத் தம் போலோ அணியுடன் இலண்டன் சென்றபோது அணிந்திருந்த உடை அது. அதன்பின் ஆங்கிலேயரும் அதனைத் தைத்து அணியத் தொடங்கினர்.

சமனாக்கும் எண்

அமெரிக்காவிற்குப் போலோவைக் கொண்டுசென்றவர் செய்தித்தாள் உரிமையாளரான ஜேம்ஸ் கார்டன் பென்னட். 1876இல் அவர் தொடங்கிவைத்த ஆட்டம், பத்தே ஆண்டுகளில் நாடுகளுக்கிடையேயான போட்டியாக வளர்ந்தது. 1886இல் நியூபோர்ட் நகரில் இங்கிலாந்து அணியும் அமெரிக்க அணியும் வெஸ்ட்செஸ்டர் கோப்பைக்காக மோதின. இங்கிலாந்து எளிதில் வென்றது. அத்தோல்வியை அமெரிக்கர் மறக்கவில்லை. 1909இல் மெடோ புரூக் சங்கத்தைச் சேர்ந்த நால்வர் கொண்ட அமெரிக்க அணி, தேர்ந்தெடுத்த குதிரைகளைக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கே சென்று கோப்பையை மீட்டது.

கோப்பையைவிடப் பெரிய கொடை ஒன்றை அமெரிக்கா போலோவிற்கு அளித்தது. அது ‘ஹேண்டிகேப்’ எனப்படும் தரமதிப்பீட்டு முறை. எச். எல். ஹெர்பர்ட் என்பவர் உருவாக்கிய இம்முறையை 1890இல் தொடங்கப்பெற்ற அமெரிக்க போலோச் சங்கம் நடைமுறைப்படுத்தியது. இதன்படி ஒவ்வொரு வீரருக்கும் –2 முதல் 10 வரை ஓர் எண் வழங்கப்படும். அது அவர் அடிக்கும் கோல்களின் எண்ணிக்கையைக் குறிப்பதன்று. அவரது ஆட்டத்திறன், குதிரையேற்றம், அணிக்கு அவர் பயன்படும் தன்மை ஆகியவற்றின் மதிப்பீடு. நால்வரின் எண்களைக் கூட்டினால் அணியின் மதிப்பு கிடைக்கும். 20 மதிப்புள்ள ஓர் அணியும் 14 மதிப்புள்ள ஓர் அணியும் ஆறு சுற்று ஆட்டத்தில் மோதினால், வலிமை குறைந்த அணிக்கு 6 கோல்கள் தொடக்கத்திலேயே வழங்கப்படும். ஆட்டம் மூன்று சுற்றுகளே எனில் 3 கோல்கள். வல்லவரும் வளர்பவரும் ஒரே களத்தில் பொருளுடைய போட்டி ஒன்றை ஆட இம்முறை வழிசெய்தது.

வீரர்களின் திறனைச் சமன்செய்ய இவ்வாறு ஓர் எண் கிடைத்தது. குதிரைகளைச் சமன்செய்ய இருந்த அளவோ கைவிடப்பட்டது. தொடக்கத்தில் போலோக் குதிரைக்கு உயர வரம்பு இருந்தது. இங்கிலாந்தில் அவ்வரம்பு 14 கை 2 அங்குலம், அதாவது ஏறத்தாழ 147 செ.மீ. முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் இவ்வரம்பு நீக்கப்பட்டது. பந்தயக் குதிரை இனத்தின் கலப்பால் பிறந்த, உயரமும் விரைவும் மிக்க குதிரைகள் களத்தை நிறைத்தன. அவற்றின் விலையும் உயர்ந்தது. பழக்கத்தால் இன்றும் போலோக் குதிரையை ஆங்கிலத்தில் மட்டக்குதிரை என்றே அழைக்கின்றனர். ஆனால், உண்மையான மட்டக்குதிரைக்கு உலகப் போட்டிகளில் இடமில்லாமல் போயிற்று.

ஒலிம்பிக்கில் ஐந்து முறை

ஒலிம்பிக் போட்டிகளில் போலோ ஐந்து முறை இடம்பெற்றது: 1900இல் பாரிஸ், 1908இல் இலண்டன், 1920இல் ஆண்ட்வெர்ப், 1924இல் மீண்டும் பாரிஸ், 1936இல் பெர்லின். 1900ஆம் ஆண்டு பல நாட்டினர் கலந்த அணிகள் ஆடின. 1908இல் பங்கேற்ற மூன்று அணிகளும், அன்று அயர்லாந்தையும் உள்ளடக்கியிருந்த பிரித்தானியாவைச் சேர்ந்தவையே. இவற்றை உலகப் போட்டி என்று கூறுவது மிகைதான்.

1924ஆம் ஆண்டுதான் களம் மாறியது. ஐந்து நாடுகள் மோதிய அவ்வாண்டுப் போட்டியில் அர்ஜென்டினா எல்லா அணிகளையும் வென்றது. அமெரிக்காவை வென்றது 6–5 என்னும் நூலிழையில். ஒலிம்பிக் வரலாற்றில் அர்ஜென்டினா பெற்ற முதல் தங்கப்பதக்கம் அதுவேயாகும். 1936இல் பெர்லினில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் அதே நாடு பிரித்தானியாவை 11–0 என வென்றது. அதன்பின் போலோ ஒலிம்பிக்கிற்குத் திரும்பவில்லை. போர் குறுக்கிட்டது ஒரு காரணம். குதிரைகளைக் கடல்கடந்து ஏற்றிச் செல்லும் செலவும், அச்செலவைத் தாங்கும் நாடுகள் மிகச் சிலவாக இருந்ததும் மற்றொரு காரணம். காலணியோ பந்தோ ஒரு பெட்டியில் அடங்கும். முப்பது குதிரைகளுக்கோ ஒரு கப்பற்பகுதியும் தீவனமும் பேணுவோரும் கால்நடை மருத்துவரும் வேண்டும்.

அர்ஜென்டினாவின் எழுச்சிக்குக் காரணம் அதன் நிலமே. பாம்பாஸ் எனப்படும் எல்லையற்ற புல்வெளி, அதில் மாட்டுப்பண்ணைகள், அப்பண்ணைகளில் பிறந்தது முதல் குதிரையோடு வாழும் கௌச்சோ எனப்படும் மேய்ப்பர்கள். 1875இல் ஆங்கிலேயப் பண்ணையாளர்கள் அங்குப் போலோவை அறிமுகப்படுத்தியபோது, ஆட்டத்திற்குத் தேவையான யாவும் அங்கு ஏற்கெனவே இருந்தன. மாடுகளை மடக்கிப் பழகிய கிரியோல்யோ இனப் பெண்குதிரைகளோடு பந்தயக் குதிரைகளைக் கலந்து, அஞ்சாமையும் விரைவும் ஒருங்கே வாய்ந்த புதிய குதிரை வகையைப் பண்ணையாளர்கள் உருவாக்கினர். 1922இல் அர்ஜென்டினா அணி தன் குதிரைகளோடு புறப்பட்டு, அதே ஆண்டில் இங்கிலாந்தின் திறந்தநிலைப் போட்டியையும் அமெரிக்காவின் திறந்தநிலைப் போட்டியையும் வென்று திரும்பியது. அன்று தொடங்கி வீரரும் குதிரையும் அந்நாட்டின் ஏற்றுமதி ஆயினர். 1893இல் தொடங்கி, 1928 முதல் புவனஸ் அயர்ஸ் நகரின் பலேர்மோ களத்தில் ஆடப்படும் அர்ஜென்டினாத் திறந்தநிலைப் போட்டியே இன்று போலோ உலகின் உச்சம். நால்வருமே 10 எண் பெற்ற, 40 மதிப்புள்ள முழுமையான அணிகள் தோன்றியதும் அங்குதான்.

இந்தியாவின் பொற்காலமும் சரிவும்

இந்தியாவில் 1892இல் இந்திய போலோச் சங்கம் அமைக்கப்பெற்றது. பட்டியாலா, ஜோத்பூர், ஜெய்ப்பூர் முதலிய அரசுகளும் படைப்பிரிவுகளும் ஆட்டத்தை வளர்த்தன. 1933இல் ஜெய்ப்பூர் மன்னர் சவாய் மான்சிங் தலைமையில் இங்கிலாந்து சென்ற அணி, அந்தப் பருவத்தில் தான் பங்கேற்ற போட்டிகள் அனைத்திலும் வாகை சூடியது. விதிகளை வகுத்த நாட்டில் நிகழ்ந்த அவ்வெற்றி, அடிமைப்பட்டிருந்த நாட்டுமக்களால் வெறும் விளையாட்டுச் செய்தியாகக் கொள்ளப்பட்டிராது. விடுதலைக்குப் பின் 1957இல், பிரான்சின் தோவீல் நகரில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியிலும் மான்சிங் இடம்பெற்ற இந்திய அணி வென்றது.

ஆனால், அதற்கு முன்பே அடித்தளம் ஆட்டங்கண்டிருந்தது. சுதேச அரசுகள் இந்திய ஒன்றியத்தில் இணைந்தன. அரசர்களுக்கான மானியம் 1971இல் நிறுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கான குதிரைகளைப் பேணிய அரண்மனைக் கொட்டடிகள் வெறுமையாயின. மக்களாட்சியில் அம்மாற்றம் நேரவேண்டியதே. போலோ எஞ்சியது பெரிதும் படைத்துறையின் ஆதரவில்தான்.

குலுக்கலில் வந்த குதிரை

1982இல் பன்னாட்டு போலோக் கூட்டமைப்பு தோன்றியது. 1998இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவும் அதற்கு ஏற்பளித்தது. 1936ஆம் ஆண்டு அனுபவம் கற்பித்த பாடத்தை இவ்வமைப்பின் உலகச் சாம்பியன் போட்டியில் காணலாம். இப்போட்டிக்கு எந்நாடும் குதிரைகளைக் கொண்டுவர வேண்டியதில்லை. போட்டியை நடத்தும் நாட்டில் குதிரைகள் திரட்டப்பட்டு, தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, குலுக்கல் முறையில் அணிகளுக்கு வழங்கப்படும். அணியின் மொத்த மதிப்பு 14ஐத் தாண்டக்கூடாது. செல்வத்தின் பங்கைக் குறைத்தபோது என்ன நிகழ்ந்தது என்பதற்கு வெற்றிப் பட்டியலே சான்று. 1987இல் புவனஸ் அயர்ஸில் நடைபெற்ற முதற்போட்டியில் அர்ஜென்டினா வென்றது. பின்னர் பிரேசிலும் சிலியும் அமெரிக்காவும் ஸ்பெயினும் அக்கோப்பையை ஏந்தின.

பெண்களுக்குக் களம் திறக்க நெடுங்காலம் ஆயிற்று. ஷிரீனும் சீனப் பெண்களும் ஆடிய ஆட்டத்தில், அமெரிக்க போலோச் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1972இல்தான். அதற்குமுன் சூ சாலி ஹேல் என்பவர் தலைமுடியைத் தலைக்கவசத்துள் மறைத்து, கண்மையால் மீசை வரைந்து, ஆண் பெயர் பூண்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போட்டிகளில் ஆடிவந்தார். அவர் மகள் சன்னி ஹேல், 2000ஆம் ஆண்டு அமெரிக்கத் திறந்தநிலைப் போட்டியை வென்ற அணியில் ஆடவரோடு சமமாக ஆடி, அச்சிறப்பைப் பெற்ற முதல் பெண்ணானார். ஹேண்டிகேப் எண்ணில் ஆடவர், பெண்டிர் என்னும் பாகுபாடின்றி இருபாலரும் ஒரே அணியில் ஆடத்தக்க மிகச் சில விளையாட்டுகளுள் போலோவும் ஒன்று. மணிப்பூரிலும் இன்று பெண்கள் அணிகள் முனைப்புடன் ஆடிவருகின்றன.

இரு குதிரைகள்

இன்றைய போலோ உலகை இருவேறு குதிரைகளைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். ஒன்று, அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற வீரர் அடால்போ காம்பியாசோவின் ‘குவார்த்தெத்தேரா’ என்னும் பெண்குதிரை. அதன் உயிரணுக்களிலிருந்து, படியாக்கம் எனப்படும் குளோனிங் முறையில், அதே மரபுக்கூறுகள் கொண்ட குதிரைகள் பல உருவாக்கப்பட்டன. 2010இல் அவற்றுள் ஒன்று எட்டு இலட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2016ஆம் ஆண்டு பலேர்மோவில் நடந்த அர்ஜென்டினாத் திறந்தநிலைப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், காம்பியாசோ அக்குதிரையின் படிகளான ஆறு குதிரைகளில் மாறிமாறி ஏறி ஆடினார். அவரது அணி வென்றது. ஒரு குதிரையின் திறமையை, அது இறந்த பிறகும் பெருக்கிக்கொள்ள முடியும் என்னும் நிலை தோன்றிவிட்டது.

மற்றொன்று, ஆட்டம் புறப்பட்ட இடத்தின் குதிரை. 2003ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் மணிப்பூர் மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை 1,898. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 1,101. இவற்றை வளர்ப்போர் பெருஞ்செல்வர் அல்லர். கொட்டடியில் கட்டித் தீனியிடும் வழக்கமும் அங்கு அரிது. ஆட்டமில்லாத நாள்களில் குதிரைகளை அவிழ்த்துவிடுவர். அவை சதுப்பு நிலங்களில் தாமே மேய்ந்து வாழும். இம்பாலையொட்டிய லாம்பெல்பாட் போன்ற சதுப்பு நிலங்கள் கட்டடங்களாலும் சாலைகளாலும் சுருங்கிவிட்டன. மேய்ச்சல் இழந்த குதிரைகள் நகரத் தெருக்களில் குப்பையைக் கிளறுகின்றன. நெகிழியைத் தின்றும் ஊர்திகளில் அடிபட்டும் இறக்கின்றன. குதிரையை விற்றுவிடுவோரையும் குறைகூற இயலாது. புல்லில்லாத இடத்தில் அதற்குத் தீனி வாங்கும் செலவு சிறிதன்று.

மணிப்பூர் அரசு 2016இல் மட்டக்குதிரைப் பாதுகாப்புக்கெனக் கொள்கை ஒன்றை வகுத்தது. குதிரை ஆர்வலர்களும் போலோச் சங்கத்தினரும் காப்பகம் அமைத்துச் சில குதிரைகளைப் பேணிவருகின்றனர். படியாக்கம் செய்து ஓரினத்தைக் காத்துவிடலாம் என எண்ணுவோர் உளர். ஒரே குதிரையின் ஆறு படிகளால் ஓர் ஆட்டத்தை வெல்ல முடியும். ஓர் இனம் நோயையும் காலநிலையையும் தாங்கி வாழ்வதற்கு, ஒன்றுக்கொன்று வேறுபட்ட மரபுக்கூறுகள் கொண்ட பல குதிரைகள் வேண்டும். அவற்றிற்கு ஆய்வகத்தைவிட மேய்ச்சல் நிலமே முதல் தேவை. ஆர்வலர்கள் ஆண்டுதோறும் அரசின்முன் வைக்கும் கோரிக்கையும் அதுவே.

இம்பால் நகரின் நடுவே மாபல் காங்ஜெய்புங் என்னும் களம் உள்ளது. உலகில் இன்றும் ஆடப்பட்டுவரும் போலோக் களங்களுள் மிகப் பழமையானதாக அது மதிக்கப்படுகிறது. பன்னாட்டுப் போட்டிக்காக அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய நாடுகளின் அணிகள் அங்கு வருகின்றன. உயர்ந்த குதிரைகளில் ஆடிப் பழகிய அவ்வீரர்களுக்கு அங்கு வழங்கப்படுவது மணிப்பூரின் மட்டக்குதிரைகளே. வந்தவர்கள் முதல்நாள் தம் மட்டையின் நீளத்தையும் அங்கவடியின் நீளத்தையும் குறைத்துக்கொள்கின்றனர். தரைக்கு இவ்வளவு அருகே அமர்ந்து பந்தடிக்கப் பழகுகின்றனர். எதிரே நிற்கும் மணிப்பூர் வீரருள் பலர், அக்குதிரைகளை வீட்டில் குட்டியிலிருந்து வளர்த்தவர்கள்.